கொழும்பிலிருந்து காலிக்குப் போக எது நல்லது: புகையிரதமா, பஸ்ஸா?

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் புகையிரதம். சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமென்றால் அதிவேக நெடுஞ்சாலை பஸ்.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து கடுகதி ரயில் காலிக்குச் சுமார் இரண்டரை மணித்தியாலம் எடுக்கும். போகும் திசையில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கொள்ளுப்பிட்டியில் கடல் வந்துவிடும். கல்கிசை வரை தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் கருங்கற்கள் மட்டும்தான். பாணந்துறைக்குப் பிறகு தென்னையும் வீடுகளும் அடிக்கடி மறைக்கும். பின்னேர ரயிலில் அதே பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும், ஆகவே காலையே மேல். மாலை நாலு மணிக்குப் பிறகு அலுவலகக் கூட்டம்; களுத்துறை தாண்டும்வரை நிற்க நேரலாம். முன்பதிவு இல்லையென்றால் ஒரு நிலையம் முன்னால், மருதானையில் ஏறுங்கள். பல ரயில்கள் அங்கேதான் புறப்படுகின்றன.

மாத்தறைக்குத் தொடர்பவர்கள் கவனிக்க: காலியில் ரயில் வந்த வழியே திரும்பித்தான் வெளியேறும். இருந்த ஆசனத்திலேயே இருந்தால் கடல் மறுபக்கம் போய்விடும்.

நெடுஞ்சாலை பஸ் கொழும்பின் புறநகரான மாகும்புரவில் கிடைக்கும், ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். ஆனால் கோட்டையிலிருந்து மாகும்புரவுக்குப் போகும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள், நெரிசலில் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். வழியில் கடலும் தெரியாது. காலி வீதியில் ஓடும் 2ஆம் இலக்க பஸ், ஹிக்கடுவை போல இடையில் இறங்குபவர்களுக்குத்தான் சரி.

காலி ரயில் நிலையமும் பஸ் நிலையமும் அருகருகே. அங்கிருந்து காலிக் கோட்டைக்கு நடந்தே போகலாம், ஆட்டோ தேவையில்லை.