வேக்ஸ் மேல் சீலண்ட் போட்டு திட்டுத் திட்டாக நிற்கும் கறுப்பு காருக்கு

முதலில் வேக்ஸ், அதன் மேல் சீலண்ட் போட்டேன், வெயிலில் பார்த்தால் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், பெயிண்ட் கெட்டிருக்காது. வரிசைதான் மாறிவிட்டது. சீலண்ட் என்பது பெயிண்டைக் காக்கப் பூசும் செயற்கை பாலிமர், சுத்தமான பெயிண்டில்தான் நன்றாகப் பிடிக்கும். கார்னோபா வேக்ஸ் பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு, அதன் மேல் சீலண்ட் சரியாக ஒட்டாது.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, போட்ட வேக்ஸையும் சீலண்டையும் துடைத்து எடுங்கள், ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை.

அப்புறம் நிழலில், பானட்டைத் தொட்டால் சூடே இல்லாதபோது, சீலண்டைக் கொஞ்சமாக எடுத்து, போட்டது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவுக்கு மெல்லிசாகத் தேயுங்கள், ஏனென்றால் பெயிண்டில் ஒட்டுவது அடியிலுள்ள மெல்லிய படலம் மட்டும்தான், மிச்சமெல்லாம் துடைக்கும்போது உங்கள் தோளைத்தான் வலிக்க வைக்கும். காய்ந்ததும் விரலால் இழுத்துப் பாருங்கள், பிசுக்கு இல்லாமல் சுத்தமாக வந்தால் துடைக்கலாம். அன்று வண்டி நனையக்கூடாது. வேக்ஸ் மறுநாள் போடுங்கள். பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் மட்டும் படவிடாதீர்கள், வெள்ளையாகக் காய்ந்தால் எடுப்பது பெரும்பாடு.