புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள்

மூளையும் படிப்பும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், பீடி சுற்றுகிறேன். மகள் பத்தாம் வகுப்பு. ராத்திரி வெகுநேரம் அறிவியல் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறாள், கேட்டால் எல்லாம் தெரியும் என்கிறாள், பரீட்சையில் எழுத வரவில்லை. டியூஷனுக்கு வசதி இல்லை. மூளை நல்லா வேலை செய்ய நான் என்ன செய்யலாம்?
(வாசகி, முக்கூடல்)

பதில்: நிறையச் செய்யலாம் அம்மா. உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. ஒரே பக்கத்தை நாலு தடவை வாசித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும், பழகியதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் இயல்பு. ஆனால் பரீட்சை ஹாலில் புத்தகம் இருக்காது, உள்ளே இருப்பதை அவளாக வெளியே எடுக்க வேண்டும், அந்த வேலையை வீட்டில் அவள் பழகவே இல்லை.

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு கூட்டத்து மாணவர்கள் ஒரு பாடத்தை நாலு சுற்று படித்தார்கள். இன்னொரு கூட்டம் ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றும் பாடத்தைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. அஞ்சு நிமிஷம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அப்படியே தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. நினைவிலிருந்து எடுக்கிற முயற்சியே நினைவை உறுதியாக்குகிறது.

அதனால் சாயங்காலம் தட்டை மடியில் வைத்து இலையை வெட்டிச் சுற்ற உட்காரும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் உங்கள் கை தானாகவே சுற்றும், காது சும்மாதான் இருக்கும். புத்தகம் மூடியிருக்கட்டும். “ஏட்டி, இன்னைக்கு என்னட்டி சொல்லிக் குடுத்தாவ?” என்று கேளுங்கள். இதயத்தில் நாலு அறை என்று ஆரம்பிப்பாள், ரெண்டு வாக்கியத்தில் நின்றுவிடுவாள். “அப்புறம்?” என்று கேளுங்கள். “எனக்கு வெளங்கலியே, கெட்ட ரத்தம் எந்தப் பக்கமா வருது, எங்க போயி சுத்தமாவுது?” என்று கேளுங்கள். உங்களுக்குப் பாடம் தெரியாதது இங்கே நல்லதாகப் போயிற்று, தெரிந்தவர்கள் பொறுக்கமாட்டாமல் முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிடுவார்கள். திணறினால் கொஞ்ச நேரம் திணறட்டும். அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து கட்டாயம் சரிபார்க்க வேண்டும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் தப்பாகச் சொன்னதே மனதில் நின்றுவிடும்.

அதே பாடத்தை மறுநாள் கேளுங்கள், நாலைந்து நாள் கழித்து, அப்புறம் ரெண்டு வாரம் கழித்து. படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி வேகமாக ஓடுகிறது என்று ஜெர்மனியின் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-ல் எழுதியிருக்கிறார்.

கேள்வி: ‘மிட்பிரைன் ஆக்டிவேஷன்’ வகுப்பில் சேர்த்தால் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்கும் என்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் படித்தும் காட்டினான். சேர்க்கலாமா?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: சேர்க்காதீர்கள். மிட்பிரைன் என்றால் நடுமூளை, மூளைத்தண்டின் மேல்பகுதி. கண் அசைவு, சத்தம் வந்த பக்கம் தலை திரும்புவது, விழிப்போடு இருப்பது இதற்கெல்லாம் அது வேண்டும், உங்கள் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே அது வேலை செய்கிறது. துணியால் கட்டினால் மூக்கோரம் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அதன் வழியே கீழே பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் தாளை நெற்றிக்கு மேலே பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். பையனைத் திட்ட வேண்டாம், பெரியவர்கள் இத்தனை பேர் ஆசையாகப் பார்க்கும்போது இடைவெளியில் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் எந்தப் பிள்ளைக்கும் தோன்றும். இதற்குப் பணம் வாங்குகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது. கண்ணில்லாமல் படிக்க வைக்கிற வித்தை உண்மையென்றால் முதலில் அங்கே போயிருக்க வேண்டாமா? அந்தப் பிள்ளைகள் பிரெய்ல் என்கிற புடைத்த புள்ளி எழுத்தை விரலால் தடவிப் படிக்கிறார்கள். சின்ன வயதிலேயே பார்வை இழந்தவர்கள் அப்படிப் படிக்கும்போது, மூளையின் பின்பக்கம் பார்வைக்கென்று இருக்கிற பகுதி வேலை செய்வதை 1996-ல் ஸ்கேனில் பார்த்தார்கள். கண்ணுக்கான இடத்தை விரலுக்குக் கொடுக்கிறது மூளை, அதுவும் நாள்தோறும் பழகிப் பழகி. இதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

கேள்வி: கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லி ஒரு பயிற்சியில் சொன்னார்கள். என் வகுப்பில் 38 பேர். எப்படிப் பிரிப்பது?
(ஆசிரியை, அம்பாசமுத்திரம்)

பதில்: பிரிக்கவே வேண்டாம் டீச்சர். 2008-ல் பாஷ்லர் முதலான நாலு பேர் இதைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். ‘பாணி’க்குத் தக்கபடி சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குத் தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை. இதை நம்புகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், 2012-ல் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் கேட்டபோது ஆசிரியர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் நம்பினார்கள், ஆகவே பயிற்சி கொடுத்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பாடத்துக்கு எது தேவையோ அதைச் செய்யுங்கள். தாமிரபரணி பொதிகையில் பிறந்து எந்த ஊர் வழியாகப் போகிறது என்பதற்கு வரைபடம் 38 பேருக்கும் வேண்டும், செய்யுளை 38 பேரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘நீ காதால் கற்பவன்’ என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டால் அவன் வாசிப்பதை விட்டுவிடுவானோ என்பதுதான் என் கவலை.

கேள்வி: பரீட்சைக்கு முந்தின ராத்திரி தூங்காமல் படிக்கலாமா?
(மாணவர், பேட்டை)

பதில்: வேண்டாம் தம்பி. பகலில் படித்தது முதலில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் துணையோடுதான் நிற்கிறது. நீ ஆழ்ந்து தூங்கும்போது மூளை அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துகிறது. தூங்காவிட்டால் அந்த வேலை கெடும், மறுநாள் கவனமும் நிற்காது. அதிகாலை எழுவது உனக்குப் பழக்கமென்றால் எழு, ஆனால் அதற்குத் தக்கபடி சீக்கிரம் படுத்துவிடு. முந்தின ராத்திரி புதிதாக எதையும் தொடாதே, வெள்ளைத்தாளில் ஒவ்வொரு பாடத்துக்கும் நினைவிருப்பதை எழுதிப் பார், விட்டுப்போனதை மட்டும் புத்தகத்தில் பார்த்துக்கொள், போய்ப் படு.