உணவு, நீர் பாதுகாப்பைக் கணினி மாதிரிகளை வைத்து முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா?

ஓரளவு முடியும். மழை இவ்வளவு குறைந்தால் கோதுமை எவ்வளவு குறையும், ஒரு டன் அரிசியோடு எவ்வளவு மறை நீர், அதாவது அதை விளைவிக்கச் செலவான நீர், வெளியே போகிறது என்பதையெல்லாம் இன்றைய மாதிரிகள் நன்றாகவே கணக்கிடுகின்றன. வேளாண் பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் என் கவலை வேறு. எதைக் கணக்குக்குள் எடுக்கிறோம், எதை வெளியே விடுகிறோம் என்பதில்தான் பிசகு வருகிறது.

பஞ்சாபைப் பாருங்கள். அங்கே ஆண்டுதோறும் நிலத்தில் ஊறுவதைப்போல ஒன்றரை மடங்கு நீரை ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சுகின்றன. பாசனத்துக்கு மின்சாரம் இலவசம், நெல்லுக்கு அரசுக் கொள்முதல் உறுதி. அப்புறம் விவசாயி ஏன் வேறு பயிருக்குப் போவார்? நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜூன் 10-க்கு முன் நெல் நாற்று நடக்கூடாது என்றது அன்றைய விதி. கோடை வெயிலில் வயலில் நிற்கும் தண்ணீர் ஆவியாகிப் போகும். நடவைப் பருவமழையை ஒட்டித் தள்ளிவைத்தால் அவ்வளவும் மிச்சம். நீர்க் கணக்கு மட்டும் போட்டால் சரியான முடிவுதான்.

ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். நவம்பர் நடுவுக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். அறுவடை இயந்திரம் வயலில் விட்டுப்போன நெல்தாளை அகற்ற இரண்டு மூன்று வாரம்தான் கிடைக்கிறது. கொளுத்துவதுதான் செலவில்லாத வழி. காற்று அடங்கிக் குளிர் இறங்கும் நாட்களில் அது எரிகிறது, புகை டெல்லி வரை போய்த் தேங்குகிறது. டெல்லியின் மாசுக்கு வாகனம், தொழிற்சாலை என்று வேறு காரணங்களும் உண்டு. பழியை முழுதாக விவசாயி தலையில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நீருக்காகப் போட்ட விதி குழந்தைகளின் நுரையீரல் வரை வரும் என்பதை, நீரை மட்டும் எண்ணும் மாதிரி எப்படிக் காட்டும்?

கணக்குக்கு வெளியே விடப்படும் இன்னொன்று, அரசுகளின் முடிவு. உலக அரிசி வணிகத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்தியாவுடையது. 2023 ஜூலையில் உள்நாட்டு விலை ஏறியதால் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. அடுத்த மாதமே உலக விலை 15 ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போனது. 2007-08-லும் இப்படித்தான். பெரிய விளைச்சல் வீழ்ச்சி எதுவும் இல்லை. இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின, பிலிப்பைன்ஸ் பதறிப்போய் வாங்கிக் குவித்தது, சில மாதங்களில் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது.

அதனால் மழை, மண்ணோடு மின்கட்டணமும் கொள்முதல் விலையும் மாதிரிக்குள் வர வேண்டும். எந்த விலையில் ஓர் அரசு பயந்து ஏற்றுமதியை நிறுத்தும் என்பதும் வர வேண்டும். அதெல்லாம் சமன்பாட்டில் அடங்காது என்பார்கள். பழைய தடைகளின் தேதிகளும் அன்றைய சந்தை விலைகளும் பதிவில் இருக்கின்றன, அங்கிருந்து தொடங்கலாம்.