முதல் ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அமெரிக்கப் புரட்சிப் போரில் முதல் ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட் முழுக்கக் கறுப்பினத்தவரின் படை என்றும், சுதந்திர லட்சியத்தால் அடிமைகளை விடுவித்து அதை உருவாக்கினார்கள் என்றும் ஒரு காணொளியில் கேட்டேன். இது எந்த அளவுக்கு உண்மை? போருக்குப் பின் அவர்கள் என்ன ஆனார்கள்?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

பாதி உண்மை. லட்சியம் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆள் கிடைக்கவில்லை, அதனால் அடிமைகளிடம் போனார்கள்.

ரெஜிமென்ட் 1775-லேயே இருந்தது. 1777 அக்டோபரில் டெலவேர் நதிக்கரையின் மெர்சர் கோட்டையில், கர்னல் கிறிஸ்டோபர் கிரீன் தலைமையில், தங்களைவிடப் பெரிய ஹெஸ்ஸியப் படையை (பிரிட்டிஷார் கூலிக்கு அமர்த்திய ஜெர்மானியச் சிப்பாய்கள்) விரட்டியடித்தார்கள். அப்புறம் வாஷிங்டனின் படை முகாமிட்ட வேலி ஃபோர்ஜில் குளிர்காலம் வந்தது. நோய், பசி, முகாமில் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஊரில் புதிதாகத் திரட்டலாம் என்றால் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகரம் பிரிட்டிஷார் கையில். ரோட் ஐலண்ட் படைகளின் தளபதி ஜெனரல் வார்னம்தான் அடிமைகளைச் சேர்க்கும் யோசனையைச் சொன்னார். வாஷிங்டன் அதை மாநில ஆளுநருக்கு அனுப்பிவைத்தார்.

1778 பிப்ரவரியில் ரோட் ஐலண்டில் வந்த சட்டத்தைப் படித்தால் விஷயம் விளங்கிவிடும். கர்னல் கிரீன் முன் நின்று தேறிய அடிமை அந்தக் கணமே சுதந்திர மனிதன். ஆனால் அவனுக்கு விலை போட ஒரு குழு உண்டு. உரிமையாளருக்கு அதிகபட்சம் 120 பவுண்டு. அதாவது விடுதலைக்காகக் கடைசியாக ஒருமுறை அவன் விலைபேசப்பட வேண்டும். உரிமையாளர்கள் முணுமுணுத்தார்கள், ஜூனிலேயே சட்டசபை கதவைச் சாத்திவிட்டது. சேர்ந்த அடிமைகள் ஏறத்தாழ நூறு பேர். கூடவே சுதந்திரக் கறுப்பர்களும் நாராகன்செட் பழங்குடியினரும் இருந்தார்கள். அதிகாரிகள் வெள்ளையர்.

இன்னொரு நிபந்தனைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: போர் முடியும்வரை சேவை. வெள்ளையரில் பலர் சில மாத ஒப்பந்தத்தில் வந்து வீடு திரும்பினார்கள். இவர்களுக்கு அந்த வழி இல்லை. 1778 ஆகஸ்ட் 29 அன்று ரோட் ஐலண்ட் சண்டையில் ஹெஸ்ஸியர்களின் தாக்குதலை மூன்று முறை தடுத்தார்கள். 1781 தொடக்கத்தில் இரண்டாவது ரெஜிமென்டோடு இணைக்கப்பட்டார்கள். அந்த மே மாதம் குரோட்டன் ஆற்றருகே அரச விசுவாசிகளின் (பிரிட்டிஷ் பக்கம் நின்ற அமெரிக்கர்கள்) திடீர்த் தாக்குதலில் கிரீன் கொல்லப்பட்டார். அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அதோடு போர் முடிந்துவிட்டது என்றுதானே பாடப்புத்தகத்தில் படித்தோம்?

1783 பிப்ரவரியில் இவர்களை ஒன்டாரியோ ஏரிக்கரையில் பிரிட்டிஷார் வைத்திருந்த ஆஸ்வீகோ கோட்டையைப் பிடிக்க அனுப்பினார்கள். இடுப்பளவு பனியில் நடை, வழிகாட்டி திசை தவறினார், கோட்டையைத் தாக்காமலேயே திரும்ப நேர்ந்தது. பனியில் கால் விரைத்துப்போய் ஊனமானவர்கள் உண்டு. அதற்கு முன்பே, 1782 நவம்பரில், பாரிஸில் பூர்வாங்க சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. செய்திதான் கடல் தாண்டி வந்து சேரவில்லை.

1783 ஜூனில் சரடோகாவில் படை கலைக்கப்பட்டது. சரி, ஊருக்கு வந்தால்? 1784-இல் ரோட் ஐலண்ட் கொண்டுவந்த சட்டம் அந்த ஆண்டு மார்ச் முதல் தேதிக்குப் பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளை மட்டுமே சுதந்திரர்களாக்கியது. அடிமையாக இருந்த மனைவியும் முன்பே பிறந்த பிள்ளைகளும் சிப்பாயின் சேவையால் விடுதலை பெறவில்லை. போர்வீரர்களில் உயிரோடு இருந்த ஏழைகள் ஓய்வூதியம் கேட்க 1818 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்பது மாதச் சேவை இருந்தால் போதும் என்றது அந்தச் சட்டம். இவர்களில் பலர் ஐந்து வருடம் முடித்தவர்கள்.