மூன்று சர்வர், ஒரே தரவு: எர்லாங்குக்கு எது சரி?

கேள்வி: எர்லாங் என்ற நிரல்மொழியில் எழுதிய சேவையை மூன்று சர்வர்களில் ஓட்டப் போகிறோம். லாகின் செஷன், வாடிக்கையாளரின் பண இருப்பு இரண்டும் மூன்றிலும் வேண்டும். எர்லாங்கோடு வரும் தரவுத்தளமான ம்னீசியா போதுமா?

பதில்: செஷனுக்குத் தாராளமாகப் போதும். பண இருப்பை அதில் வைக்காதீர்கள்.

நெட்வொர்க் அறுந்தால் இரு பக்கமும் 'எதிர்ப்பக்கம் விழுந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு தனித்தனியே எழுதிக்கொண்டிருக்கும். இணைப்பு திரும்பியதும் ம்னீசியா இரண்டையும் ஒன்றுசேர்க்காது. 'இன்கன்சிஸ்டென்ட் டேட்டாபேஸ்' என்ற நிகழ்வை அனுப்புவதோடு சரி. எந்தப் பக்கத்தை நம்புவது என்பது உங்கள் முடிவு. மற்ற பக்கத்தில் பேக்கப் எடுத்து, ம்னீசியாவை நிறுத்தி, 'செட் மாஸ்டர் நோட்ஸ்' கட்டளையில் நம்பும் நோடின் (சர்வரில் ஓடும் எர்லாங்கின்) பெயரைக் கொடுத்துத் தொடங்குங்கள். டேபிள்கள் அங்கிருந்து இறங்கும். நம்பாத பக்கம் எழுதியது போய்விடும். பிறகு காலிப் பட்டியல் கொடுத்து அந்த அமைப்பை நீக்கிவிடுங்கள். செஷன் போனால் மறுபடி லாகின் செய்யலாம், பணம் போனால்?

டேபிள் உருவாக்கும்போதே 'மெஜாரிட்டி'யை (பெரும்பான்மைப் பிரதிகள் கிடைத்தால்தான் எழுதும் அமைப்பு) ட்ரூ என்று வையுங்கள். தனியாக மாட்டிக்கொண்ட சர்வரில் டிரான்சாக்‌ஷன் (முழுதாக நடக்கும், இல்லையேல் நடக்கவே நடக்காத செயல்) எழுதாமல் தோற்கும். இரண்டே பிரதி இருந்தால், ஒன்று விழுந்ததும் எழுதுவது முழுக்க நின்றுவிடும். ஆகவே மூன்று அவசியம்.

ஸ்கீமாவை (டேபிள்கள், நோடுகள் பற்றிய அமைப்பு விவரம்) ம்னீசியா தொடங்குமுன் உருவாக்க வேண்டும். அப்போது மூன்று நோடுகளும் இணைந்திருக்க வேண்டும்: குக்கி (நோடுகள் ஒன்றையொன்று ஏற்கும் ரகசியச் சொல்) ஒன்றாக, 4369 போர்ட்டும் நோடுகள் பேசிக்கொள்ளும் போர்ட்டும் திறந்து. நோட் பெயர் ஸ்கீமாவில் பதிந்துவிடுவதால் பெயரில் ஐபி எண்ணைப் போடாதீர்கள். ஐபி மாறினால் பழைய தரவு ஏறாது. செஷனுக்கு 'ராம் காப்பீஸ்' (நினைவகத்தில் மட்டும் வைப்பது) போதும். 'டிஸ்க் காப்பீஸ்' முழு டேபிளையும் நினைவகத்திலும் வைக்கும். 'டிஸ்க் ஒன்லி'யில் (வட்டில் மட்டும் வைப்பது) கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது.

இன்னொன்று: ஒரே தரவை இருவர் பூட்ட முயன்று மோதினால் டிரான்சாக்‌ஷனுக்குள் கொடுத்த ஃபங்ஷன் மறுபடி ஓடும். அதற்குள் எஸ்எம்எஸ் அனுப்பினால் வாடிக்கையாளருக்கு இரண்டு போகலாம்.

பண இருப்புக்கு காக்ரோச்டிபி என்ற தரவுத்தளத்தைப் பாருங்கள். மூன்று பிரதி, பெரும்பான்மை ஒப்புதல் எல்லாம் அதிலேயே உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் நெறிமுறையைப் பேசுவதால் எர்லாங்கின் போஸ்ட்கிரெஸ் டிரைவரே போதும். 40001 என்ற பிழை (மோதலால் நிறைவேறவில்லை என்பது) வந்தால் டிரான்சாக்‌ஷனை முதலிலிருந்து ஓட்டும் குறியீட்டை நீங்கள் எழுத வேண்டும். பலரும் விடுவது இதைத்தான்.

கேள்வி: கவுச்டிபி என்ற தரவுத்தளமும் எர்லாங்கில் எழுதியதுதானே, அது ஆகாதா?

பதில்: ஆவணங்களுக்கு ஆகும். ஒரே ஆவணத்தை இரண்டு இடத்தில் மாற்றினால் இரண்டு பதிப்பையும் வைத்துக்கொண்டு, ஒன்றை முன்னிறுத்தும். மோதலைத் தீர்ப்பது உங்கள் குறியீட்டின் வேலை. பண இருப்புக்கு வேண்டாம்.