மறு: 1650களின் கடல் வழக்கு - சாட்சி சொன்னது ஏன் துண்டுதுண்டாக இருக்கிறது?

வணக்கம். லண்டன் அட்மிரால்டி நீதிமன்றத்தில் (கடல் வழக்குகளுக்கான நீதிமன்றம்) வாப்பிங் என்ற தேம்ஸ் கரைப் பகுதியைச் சேர்ந்த பீப்பாய்த் தச்சர் சொன்ன சாட்சியத்தில் "3ஆவதற்கு ஒன்றும் தெரியாது" என்று மொட்டையாக வருகிறது, வயதும் ஞானஸ்நானப் பதிவோடு ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

பக்கம் எதுவும் தொலைந்திருக்காது. அங்கே சாட்சியைத் தனியாக உட்காரவைத்து, வழக்குப் போட்டவர் எண்ணிட்டு எழுதித் தந்த கூற்றுகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் வாங்குவார்கள்; '3ஆவது' என்பது அதில் மூன்றாம் கூற்று. எழுத்தர் அதை 'இவர் சொல்கிறார்' என்று படர்க்கையில் எழுதுவார். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சாட்சியங்கள் எச்சிஏ 13 வரிசையில் இருக்கின்றன (எச்சிஏ என்பது இந்த நீதிமன்ற ஆவணங்களுக்கான குறியீடு). கூற்றுகளை எச்சிஏ 24இல் தேடுங்கள்.

கடைசியில் வரும் குறுக்குக் கேள்விப் பதில்களை விட்டுவிடாதீர்கள், சுவையே அங்கேதான். யார் ஜெயிக்க ஆசை, உன் சொத்து எவ்வளவு தேறும் என்றெல்லாம் சாட்சியை எதிர்த்தரப்பு குடைந்திருக்கும்.

பீப்பாய்த் தச்சரை ஏன் கூப்பிட்டார்கள்? கப்பலில் வந்த பீப்பாயிலிருந்து ஒயின் ஒழுகியது என்றால், அது பீப்பாய்ப் பலகைக் கோளாறாலா, கப்பலில் சரியாக அடுக்காததாலா என்று சொல்ல அவரைவிட்டால் ஆள் ஏது? அடுக்கியது கோளாறு என்றால் பழி கப்பல்காரர் தலையில் விழும்.

வயதை 'ஏறக்குறைய' என்றுதான் எழுதுவார்கள், நாலைந்து வருடம் முன்பின் இருக்கும். ஊரையும் தொழிலையும் வைத்துப் பொருத்திப் பாருங்கள். கையெழுத்துக்குப் பதில் குறி இருந்தால் படிக்கத் தெரியாதவர் என்று முடிவுகட்ட வேண்டாம்; அன்று வாசிக்க மட்டும் கற்றவர்கள் நிறைய.