தாவ விடுவதற்கு முன்னால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு எட்டு மாசம். யூடியூபில் ஏஜிலிட்டி (நாய் தடைகளைத் தாண்டி ஓடும் போட்டி) வீடியோ பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் வளவில் (உள்முற்றத்தில்) இரண்டு நாற்காலிக்கு நடுவே கம்பு கட்டித் தாவ விடுகிறார். நன்றாகத்தான் தாவுகிறது, ஆனால் இறங்கும்போது ஆத்தங்குடிக் கல் தரையில் வழுக்கிப் போய்த் தூணில் மோதுகிறது. தொடரலாமா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: முதலில் கம்பை அவிழ்க்கச் சொல்லுங்கள். எட்டு மாச லாப்ரடார் பார்க்கத்தான் வளர்ந்துவிட்ட மாதிரி இருக்கும், கால் எலும்புகளின் நுனியில் வளர்ச்சி நடக்கிற குருத்தெலும்பு இன்னும் எலும்பாக மாறி முடிந்திருக்காது. பெரிய இனங்களில் அதற்கு ஒன்றேகால், ஒன்றரை வருஷம் ஆகிவிடும், கிரேட் டேன் மாதிரி ராட்சத இனம் என்றால் இன்னும் தாமதம். அதற்குள் தினமும் உயரத்திலிருந்து முன்னங்காலில் தொப்பென்று இறங்கினால் மூட்டு என்னாகும்? போதாததற்கு லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாகவே வரக்கூடியது. நாய்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் விதிப்படி 18 மாசம் ஆகாத நாயைப் போட்டியில் இறக்கவே முடியாது, அதில் காரணம் இருக்கிறது.

ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு கல்யாணக் கூட்டத்துக்கு அழகு, முப்பது கிலோ நாய்க்கு எமன். பயிற்சியை வெளியே செம்மண் தரைக்கு மாற்றுங்கள், சீமைக்கருவேல முள் கிடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு.

அதுவரை சும்மா இருக்க வேண்டுமா என்றால், இல்லை, இந்த வயசில்தான் உண்மையான வேலையே இருக்கிறது. பெரிய நாய்களில் பலதுக்குத் தனக்குப் பின்னங்கால் என்று இரண்டு இருப்பதே சரியாகத் தெரியாது, முன்னங்கால் போன வழியில் அதுவும் எப்படியோ வந்து சேரும். வீட்டில் இருக்கிற மூங்கில் ஏணியைத் தரையில் படுக்கப் போட்டு, படிகளுக்கு நடுவில் மெதுவாக நடக்க விடுங்கள், ஓடக் கூடாது. நாலு பந்தி மேசையை வரிசையாகச் சேர்த்து மேலே போர்வை போட்டால் டனல் தயார். 'நில்', 'வா', 'இரு' மூன்றும் கூப்பிட்ட மாத்திரத்தில் நடக்க வேண்டும். பரிசாக வேகவைத்த கோழித் துண்டு போதும்; மசாலா வறுவலில் மிச்சம் இருக்கிறதே என்று அதைக் கொடுத்துவிடாதீர்கள், வெங்காயம் நாய்க்கு ஆகாது.

கேள்வி: எனக்கு 58 வயசு, முழங்கால் வலி உண்டு. மூன்று வயது ராஜபாளையம் வைத்திருக்கிறேன், தெருவில் என்னை இழுத்துக்கொண்டு போகிறது. ஏஜிலிட்டியில் அதோடு நான் எப்படி ஓடுவது?
(வாசகி, தேவகோட்டை)

பதில்: ஓட வேண்டாம் ஆச்சி. உங்கள் நாயோடு எந்த மனுஷனும் ஓடி ஜெயிக்க முடியாது, அது வேட்டைக்கு வளர்த்த இனம். நீங்கள் குறுக்கே நடந்து, அது சுற்றி ஓடுகிற மாதிரி தடைகளை அரைவட்டமாக வையுங்கள். நாய் உங்கள் வாயைவிட உங்கள் தோளையும் பாதத்தையும்தான் கவனிக்கும், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்களோ அதுவும் அங்கே திரும்பும். போட்டிகளில் நாயைத் தொடக் கூடாது, கையில் தீனி வைத்திருக்கக் கூடாது, அதனால் ஓடுவதற்கு முன் ஆட்கள் மட்டும் களத்தில் நடந்து எங்கே திரும்புவது என்று மனப்பாடம் செய்துகொள்வார்கள். நாயை உள்ளே விட்டுவிட்டு நீங்களும் அப்படித் தனியாக நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டார் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்னொன்று: ராஜபாளையத்தில் சிலதுக்குப் பிறவியிலேயே காது மந்தமாக இருப்பதுண்டு. பின்னால் நின்று, காற்று அதன் மேல் படாமல் கைதட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் அது அடங்காத நாயாக இல்லாமல், கேட்காத நாயாகவும் இருக்கலாம். அப்படியானால் எல்லாமே கை சைகைதான், ஏஜிலிட்டிக்கு அது ஒன்றும் குறையில்லை. இழுப்பதை நிறுத்த, லீஷ் இறுகியதும் நின்றுவிடுங்கள், தளர்ந்ததும் நடங்கள். எரிச்சலான வேலைதான்.

கேள்வி: ஏஜிலிட்டிக்காகச் சீசா (ஏற்ற இறக்கப் பலகை) செய்து வைத்தோம். ஒரு தடவை பலகை 'டமார்' என்று அடித்ததிலிருந்து எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் அந்தப் பக்கமே வருவதில்லை.
(வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: பயந்தது சத்தத்துக்கும் காலடியில் தரை நகர்ந்ததற்கும். இரண்டையும் பிரித்துவிடுங்கள். பலகை முனைக்கு அடியில் பழைய மெத்தையைத் திணித்து, ஓரங்குலம் மட்டும் அசையும்படி வைத்து, ஒரு கால் வைத்தாலே தீனி கொடுங்கள். அப்புறம் வாரக் கணக்கில் மெத்தையைக் குறைத்துக்கொண்டே போகலாம். கழுத்தைப் பிடித்து ஏற்றாதீர்கள், ஏற்றினால் சீசாவோடு உங்களையும் சேர்த்துப் பயப்படும்.

கேள்வி: பயிற்சிக்கு எந்த நேரம் நல்லது? காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் விடலாமா?
(வாசகர், பள்ளத்தூர்)

பதில்: நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலைதான், அதுவும் வெறும் வயிற்றில். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி தாங்கவில்லை என்றால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், தள்ளாடினாலோ எச்சில் கெட்டியாக ஒழுகினாலோ நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். சாப்பாடு, பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் கழித்து. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வாந்தி எடுக்க முக்கியும் ஒன்றும் வராமல் வயிறு உப்பிக்கொண்டே போனால், ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள், நடுராத்திரி ஆனாலும் வண்டியை எடுங்கள்.